பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஒரு குட்டி ராக்கெட்: கட்டுவது முதல் பறக்க விடுவது வரை A டு Z இல்லை, அ முதல் ஃ வரை!

ராக்கெட் என்றதும் ஸ்ரீஹரிகோட்டாதானே ஞாபகத்துக்கு வரும்? காஞ்சிபுரத்துக்காரங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. 1780 செப்டம்பர் 10-ம் தேதி, காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தானின் மைசூர்ப் படை, கிழக்கிந்திய கம்பெனியின் கர்னல் பெய்லி படையைத் தோற்கடித்தது. பெய்லிக்குக் கை கொடுக்க வேண்டிய மன்றோவின் பெரும்படை அப்போது காஞ்சிபுரத்தில்தான் முகாமிட்டிருந்தது. மைசூர்ப் படையிடம் இருந்த ஆயுதங்களில் ஒன்று, இரும்புக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்த ராக்கெட். அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துதான் பின்னாளில் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். திப்பு படையின் ராக்கெட் தாக்குதலைக் காட்டும் ஓவியம் ஒன்றை நாசாவின் வாலப்ஸ் மையத்தில் பார்த்ததாக 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அப்துல் கலாம் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து 2023-க்கு வருவோம். பிப்ரவரி 19-ம் தேதி மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்திலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. அரசுப் பள்ளி மாணவர்கள் உள்ளிட்ட சுமார் 5,000 பேர் பங்கெடுத்த திட்டம் அது. உள்ளே இருந்தவை 150 பிகோ செயற்கைக்கோள்கள். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை பட்டிபுலமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்!

ரெண்டுமே பெரிய விஷயங்கள். ஆனால் கையில் பிடிக்கிற அளவில், அரையடி, ஓரடி நீளத்தில் ஒரு ராக்கெட்டை நீங்களே கட்டி, பறக்க விட்டு, பாராசூட்டில் திரும்ப இறக்கி, மறுபடியும் பறக்க விட முடியும். அதுதான் மாடல் ராக்கெட். இதில் ஒரே ஒரு விதியை மட்டும் மனசில் எழுதிக்கோங்க: ராக்கெட்டின் உடம்பை நீங்க செய்யலாம், மோட்டாரை மட்டும் ஒருபோதும் நீங்க செய்யக் கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

தீபாவளி ராக்கெட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டிலில் வைத்துப் பற்றவைக்கும் தீபாவளி ராக்கெட் எங்கே போகும் என்று பற்றவைத்தவருக்கே தெரியாது. மேலே போய் வெடிப்பதோடு அதன் கதை முடிஞ்சுது. எரிந்த மிச்சம் யார் வீட்டுக் கூரையில் விழும் என்பதும் அதிர்ஷ்டம்தான்.

மாடல் ராக்கெட்டின் உடம்பு அட்டை, பிளாஸ்டிக், பால்சா மரம் போன்ற லேசான பொருட்களால் ஆனது. உலோக பாகங்கள் உடம்பில் இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் செய்த மோட்டார் அதைத் தூக்கும். திரி கிடையாது, சில மீட்டர் தள்ளி நின்று பேட்டரி மூலம் மின்சாரத்தில் பற்றவைக்க வேண்டும். மேலே போனதும் பாராசூட் விரிந்து முழுசாகத் திரும்பி வரும்.

ஒரு ஒற்றுமையும் உண்டு. தீபாவளி ராக்கெட்டின் நீளமான குச்சி சும்மா ஒட்டியதல்ல. அது இல்லாவிட்டால் ராக்கெட் சுருண்டு சுருண்டு ஓடும். மாடல் ராக்கெட்டில் அந்தக் குச்சியின் வேலையைச் செய்பவை கீழே ஒட்டும் துடுப்புகள்.

மோட்டாரை ஏன் தொடக் கூடாது?

1957-ல் ரஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்ததும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்தது. கையில் கிடைத்த ரசாயனங்களைக் குழாயில் அடைத்துப் பற்றவைத்து, விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் பலர். உயிரையே இழந்தவர்களும் உண்டு.

அதற்கு விடையை முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தவர் ஒரு செருப்புக் கடைக்காரர். நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரைச் சேர்ந்த ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் ஆர்வமுள்ள அவர், மாடல் விமானப் பிரியரான சகோதரர் ராபர்ட்டுக்காக 1954-ல் பாதுகாப்பான குட்டி ராக்கெட்டை வடிவமைத்தார். இளைஞர்களின் விபத்துகளைப் பற்றி ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளர் எழுதிய கட்டுரையைப் படித்ததும், தன் ராக்கெட்டுகளை அவருக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்து பிறந்ததுதான் இந்தப் பொழுதுபோக்கு. பிறகு வெர்ன் எஸ்டஸ் என்பவர் மோட்டார்களை ஒரே சீராகத் தயாரிக்கும் இயந்திரத்தையே உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த செல்லப் பெயர் 'மேபல்'.

ஆக, மாடல் ராக்கெட் என்ற ஒன்று தோன்றியதே, பிள்ளைகள் வீட்டில் மோட்டார் செய்யக் கூடாது என்பதற்காகத்தான். யூடியூபில் சர்க்கரையும் ரசாயனமும் கலந்து 'ஈஸி ராக்கெட் ஃபியூவல்' என்று வரும் வீடியோக்கள் நம்மை மறுபடி அந்தப் பழைய ஆபத்துக்கே கூட்டிப் போகின்றன. கலக்கும்போதே, அடைக்கும்போதே பற்றிக்கொள்ளலாம். அதோடு, உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது இந்தியாவில் 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். 'அறிவியல் ப்ராஜெக்ட் சார்' என்று ஸ்டேஷனில் சொல்லித் தப்பிக்க முடியாது.

தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து அதன் மருந்துக் குழாயைக் கிட்டில் சொருகலாமா? கூடவே கூடாது. அதன் விசை ஒரே சீராக இருக்காது. பாராசூட்டைச் சரியான நேரத்தில் தள்ளும் ஏற்பாடும் அதில் இல்லை.

கிட்டைப் பிரித்தால் என்னென்ன இருக்கும்?

ஆரம்பநிலை கிட்களில் பெயர் பெற்றது எஸ்டஸ் நிறுவனத்தின் 'ஆல்ஃபா 3'. சுமார் 31 செ.மீ நீளம், 25 மி.மீ விட்டம், 34 கிராம் எடை. கிட்டத்தட்ட எல்லா ஆரம்ப கிட்களிலும் இருப்பவை இவை:

மூக்கு: காற்றைக் கிழித்துப் போகும் கூம்பு. ஒட்டக் கூடாது, கழன்று வர வேண்டும்.

உடல் குழாய்: கெட்டி காகிதக் குழாய்.

துடுப்புகள்: மூன்று அல்லது நான்கு.

மோட்டார் பிடிப்பான்: மோட்டார் மேலே ஏறிவிடாமலும் கீழே நழுவாமலும் பிடிக்கும் உள்குழாயும் கொக்கியும்.

ஏவு வளையம்: உடம்பின் பக்கவாட்டில் ஒட்டும் ஸ்ட்ரா போன்ற சின்னக் குழாய். ஏவுதளக் கம்பியில் ராக்கெட் வழுக்கிப் போக இதுதான் உதவும்.

அதிர்ச்சிக் கயிறு: மூக்கையும் உடம்பையும் இணைக்கும் ரப்பர் அல்லது எலாஸ்டிக்.

பாராசூட்: சுமார் 30 செ.மீ அகல மெல்லிய பிளாஸ்டிக்.

மோட்டார், தீப்பிடிக்காத பாதுகாப்புத் தாள், ஏவுதளம், பட்டன் பெட்டி எல்லாம் பெரும்பாலும் தனியாகத்தான் வரும். வாங்கும்முன் பெட்டியில் என்ன இருக்கு, என்ன இல்லை என்று படிச்சுப் பாருங்க.

மோட்டார் மேல் எழுதியிருக்கும் ரகசியம்

மோட்டார் மேல் 'ஏ8-3' என்பது போல ஒரு குறியீடு இருக்கும். இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ராக்கெட் இயல் தெரிஞ்ச மாதிரி.

முதல் எழுத்து, மோட்டாரின் மொத்தத் தள்ளு சக்தி. 'ஏ' என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி. 'பி' 5, 'சி' 10. ஒவ்வொரு எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிப்பாகும்.

நடுவில் உள்ள 8, சராசரி விசை 8 நியூட்டன் என்று அர்த்தம். முக்கால் கிலோவுக்கு மேல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் விசை இது. ஐம்பது கிராம்கூட வராத ராக்கெட்டை இது எப்படி விரட்டும் என்று யோசிச்சுப் பாருங்க!

கடைசி 3, மோட்டார் எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டை வெளியே தள்ள எத்தனை விநாடி காத்திருக்கும் என்பது. அந்த மூன்று விநாடியில் ராக்கெட் வந்த வேகத்திலேயே மேலே ஏறி, உச்சியில் மெதுவாகும். அப்போது மோட்டாரின் முன்பக்கம் இருக்கும் சிறு மருந்து வெடித்து, மூக்கையும் பாராசூட்டையும் வெளியே தள்ளும்.

முதல் தடவைக்கு 'ஏ' மோட்டார் போதும். 'சி' போட்டால் ஆல்ஃபா 3 சுமார் 350 மீட்டர் வரை ஏறும். அது ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் மாதிரி ஆறு மடங்கு உயரம்! அந்த உயரத்திலிருந்து காற்றில் மிதந்து வரும் ராக்கெட்டைத் தேடுவதே தனி வேலையாகிடும்.

கட்டுவது எப்படி?

1. எல்லா பாகத்தையும் பேப்பரில் பரப்பி வைத்து, கையேட்டோடு சரிபாருங்க. ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஒட்டாமல் பொருத்திப் பாருங்க.

2. மோட்டார் பிடிப்பானை முதலில் முடிங்க. குழாய்க்குள் பசை தடவி ஒரே மூச்சில் தள்ளணும். பாதியில் நிறுத்தினால் பசை அங்கேயே பிடிச்சுக்கும்.

3. துடுப்புகள்தான் ராக்கெட்டின் விதி. மூன்று என்றால் 120 டிகிரி இடைவெளி. ஒரு துடுப்பு கோணலாக நின்றாலும் ராக்கெட் சுழலும், வளையும். பாவில் ஒரு இழை தளர்ந்தால் அது சேலை முழுக்கத் தெரியும் என்பது நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை; அதே கண்ணோடு இதைப் பாருங்க. மரத் துடுப்பு என்றால் சாதாரண மரப் பசை நல்லது. காய்ந்த பிறகு ஓரங்களில் மெல்லிய கோடாக இன்னொரு பூச்சு கொடுங்க.

4. ஏவு வளையம் உடம்புக்கு நேர்கோட்டில் இருக்கணும். உள்ளே பசை போகக் கூடாது.

5. அதிர்ச்சிக் கயிறையும் பாராசூட் நூல்களையும் இறுக்கமாக முடிச்சுப் போடுங்க. பெரும்பாலான முதல் பறத்தல்கள் இங்கேதான் சொதப்பும்.

6. இரவு முழுக்கக் காய விடுங்க. பெயின்ட் பளிச் நிறமாக இருக்கட்டும். புல்லுக்குள் பச்சை ராக்கெட்டைத் தேட முடியாது.

7. கடைசியாக ஊசல் சோதனை. மோட்டாரும் பாராசூட்டும் உள்ளே வைத்த நிலையில், ராக்கெட் எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அங்கே நூல் கட்டி, தலைக்கு மேல் வட்டமாகச் சுழற்றுங்க. மூக்கு முன்னால் வந்தால் பாஸ். தடுமாறினால் மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வைத்து எடையைக் கூட்டுங்க. எடை மையம் முன்னாலும், காற்று அழுத்த மையம் பின்னாலும் இருக்கணும் என்பதுதான் இதன் கணக்கு.

காஞ்சியில் எங்கே, எப்போது?

மொட்டை மாடியில் வேண்டாம். தெருவில் வேண்டவே வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் பகுதிகளில் வீட்டுக்குள் தறி, தெருவில் பாவு. தலைக்கு மேலே மின்கம்பிகள். கோபுரங்களுக்கும் குளங்களுக்கும் வரும் கூட்டம் வேறு.

அமெரிக்க ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிப்படி, 'ஏ' மோட்டாருக்குக் குறைந்தபட்சம் 30 மீட்டர் நீள அகலம் உள்ள திடல் வேண்டும். 'பி' என்றால் 60, 'சி' என்றால் 120. ஆனால் முதல் தடவைக்கு இன்னும் பெரிய இடமாகவே பாருங்க. காரணம் எளிய கணக்கு: 100 மீட்டர் உயரத்தில் விரிந்த பாராசூட், விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கினால் தரை தொட 25 விநாடி ஆகும். காற்று விநாடிக்கு 3 மீட்டர் என்றால், அதற்குள் 75 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்!

ஊருக்கு வெளியே பெரிய கல்லூரி மைதானம் கிடைத்தால் முதல் சாய்ஸ் அதுதான். ஊருக்குத் தெற்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் பாலாற்று மணல்வெளி பார்க்கத் தோதாகத் தெரியும். ஆனால் அனுமதி வாங்காமல் இறங்காதீங்க. அறுவடை முடிந்த வயல்களில் காய்ந்த தாளும் வைக்கோல் போரும் இருக்கும். ஒரு பொறி போதும். பக்கத்து அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருப்பதையும் மறக்காதீங்க.

நில உரிமையாளர், உள்ளூர் காவல் நிலையம், மாவட்ட நிர்வாகம் ஆகியோரிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு, பள்ளி அல்லது கல்லூரி மூலமாகச் செய்வதுதான் சரியான வழி. நாலு பேர் சேர்ந்து ரகசியமாகப் பறக்க விடும் விஷயம் இல்லை இது.

நேரம்? விடிந்ததும் காற்று ஓய்ந்திருக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பெஸ்ட். மணிக்கு 32 கி.மீ-க்கு மேல் காற்று வீசினால் ஏவக் கூடாது என்பது விதி. தென்னை ஓலை ஓயாமல் ஆடினாலே பையை மூடிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. ஆடிக் காற்று பட்டத்துக்கு, ராக்கெட்டுக்கு இல்லை.

ஏவும் நாள்: செக் லிஸ்ட்

* பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத பாதுகாப்புத் தாள் வைங்க. பஞ்சும் டிஷ்யூ பேப்பரும் அதற்கு மாற்று இல்லை. அவை எரிந்துகொண்டே கீழே விழும்.

* ஏவுதளத்தைச் சுற்றி காய்ந்த புல்லை அகற்றுங்க. தீப்பொறியைத் தடுக்கும் உலோகத் தகடு ராக்கெட்டுக்கு அடியில் இருக்கணும். ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே.

* கம்பியின் நுனி கண் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இல்லையென்றால் நுனியில் மூடி மாட்டுங்க. குனியும்போது கண்ணில் குத்திய கதைகள் உண்டு.

* கம்பி நேராக நிற்கணும். எந்தச் சூழலிலும் 30 டிகிரிக்கு மேல் சாய்க்கக் கூடாது. மனிதர், பறவை, விலங்கு எதையும் குறி வைக்கக் கூடாது.

* ஊதுபத்தி, திரி, லைட்டர் எதுவும் வேண்டாம். பேட்டரி பெட்டி மட்டும். அதன் பாதுகாப்புச் சாவி, ஏவுபவரின் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

* சிறிய மோட்டார்களுக்கு எல்லோரும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கணும். வானத்தைப் பாருங்க, விமானம் இல்லையா? ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று சத்தமாக எண்ணுங்க. ரீல்ஸ் எடுப்பவர் போனைப் பார்க்காமல் ராக்கெட்டைப் பார்க்கணும்.

* பட்டனை அழுத்தியும் கிளம்பலையா? சாவியைக் கழற்றிட்டு 60 விநாடி காத்திருங்க. அதுக்கு முன்னால யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

* ராக்கெட் மின்கம்பியிலோ உயரமான மரத்திலோ மாட்டிக்கிட்டா, அது போனது போனதுதான். தொரட்டியை எடுக்காதீங்க. ஒரு அட்டைக் குழாய்க்கு உயிரைக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு உயரம் போச்சு?

ஒரு பாகைமானி, நடுவில் கட்டிய நூல், நூல் முனையில் ஒரு நட்டு. இதுதான் உங்க உயரமானி. ஏவுதளத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று, பாகைமானியின் நேர் விளிம்பு வழியாக ராக்கெட்டின் உச்சியைப் பாருங்க. நூல் காட்டும் கோணத்தைக் கண்டுபிடித்து, அதன் 'டேன்' மதிப்பை 100-ஆல் பெருக்கி, உங்க கண் உயரத்தைக் கூட்டினால் விடை. 45 டிகிரி என்றால் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

கருவி சரியா என்று சோதிக்க பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சூப்பர் அளவுகோல் இருக்கு. கிருஷ்ணதேவராயர் கட்டிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 192 அடி, அதாவது சுமார் 59 மீட்டர். கோபுரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் கோணம் 30 டிகிரி அருகில் வரணும். வந்தால் உங்க கருவி ரெடி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் எதுக்குன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்!

மோட்டார் கிடைக்கலையா? தண்ணீர் இருக்கே!

உண்மையைச் சொல்லிடணும். இங்கே கிட் வாங்குவது சுலபம். மோட்டார் வாங்குவதுதான் கஷ்டம். அது வெடிபொருள் வகை. தபாலில் அனுப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் 'பெட்டியில ரெண்டு போட்டுக் கொண்டு வாங்க'ன்னு சொல்லிடாதீங்க. விமானப் பயணிகளின் பையில் அதற்கு அனுமதியே இல்லை. மாட்டுவது அவர்தான்.

அதுவரை என்ன செய்யலாம்? தண்ணீர் ராக்கெட். நெருப்பே இல்லாமல் அதே அறிவியல். ஒன்றரை லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், துளையிட்ட ரப்பர் தக்கை, வால்வு, அளவுமானி உள்ள சைக்கிள் பம்ப். காற்று அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் கீழே பீய்ச்சியடிக்க, பாட்டில் மேலே பறக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி கண்ணெதிரே!

இதிலும் கவனம் தேவை. சாதாரண குடிநீர் பாட்டில் கூடாது. கேஸ் நிரப்பிய பானத்தின் பாட்டில்தான் அழுத்தம் தாங்கும். 60 பி.எஸ்.ஐ-யைத் தாண்டாதீங்க. கீறல் விழுந்த பாட்டிலைத் தூக்கிப் போடுங்க. கண்ணாடி அணிந்து, நீளமான கயிற்றை இழுத்துத் தூரத்திலிருந்தே விடுவியுங்க. துடுப்பு, எடை மையம், பாராசூட், உயரக் கணக்கு எல்லாத்தையும் இதிலேயே பழகிடலாம். ஒருநாள் மோட்டார் கைக்கு வரும்போது, துடுப்பு ஒட்டத் தெரியாதவராக நீங்க நிற்க மாட்டீங்க.

அடுத்த படி என்ன?

கல்லூரி மாணவர்களுக்கு இப்போது நல்ல வாசல் திறந்திருக்கு. மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு, இஸ்ரோ துணையோடு மாடல் ராக்கெட்டுக்கும், டின் கேன் அளவு செயற்கைக்கோளான கேன்சாட்டுக்கும் தேசிய மாணவர் போட்டி நடத்துகிறது. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் மாணவர்களின் ராக்கெட்டுகள் பறந்தன. இங்கே நம்ம கடற்கரையிலும் கதை நிற்கவில்லை. 2024 ஆகஸ்ட் 24-ம் தேதி திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1' என்ற ஹைபிரிட் ராக்கெட், 3 கியூப் செயற்கைக்கோள்களையும் 50 பிகோ செயற்கைக்கோள்களையும் சுமந்து கிளம்பியது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாச்சு.

அங்கெல்லாம் வேலைக்குப் போகிறவருக்கு முதலில் தேவைப்படும் குணம், அவசரப்படாமல் செக் லிஸ்ட்டை ஒவ்வொன்றாக டிக் அடிப்பது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும், சைக்கிள் பம்பும், ஞாயிற்றுக்கிழமை காலை காலியாக இருக்கும் பள்ளி மைதானமும் போதும். இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க!